இயல் 6: எந்தப் பிழையைத் திருத்துவது, எதை விடுவது?

"டீச்சர், நான் பசிக்கிறேன்."

"நான் தம்பி அடிச்சேன்."

"தாத்தா வந்தாங்க, டிவி பார்த்தாங்க."

டொரொண்டோ, லண்டன், சிட்னி என எந்த ஊரின் வார இறுதித் தமிழ் வகுப்பில் போய் உட்கார்ந்தாலும் இந்த மாதிரி வாக்கியங்கள் காதில் விழும். அப்பா அம்மா தமிழில் கேட்க, பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வீடுகளிலிருந்து வருபவர்கள் இவர்கள். தமிழ் புரியும். வாய் திறந்தால் ஆங்கிலம் முந்திக்கொள்ளும். மேலே உள்ள மூன்றில் நீங்கள் எதை முதலில் திருத்துவீர்கள்?

பெரும்பாலான வகுப்புகளில் உடனடியாகத் திருத்தப்படுவது மூன்றாவது வாக்கியம்தான். "வந்தாங்க இல்லை, வந்தார்கள், எங்கே, மறுபடி சொல்லு." முதல் வாக்கியத்துக்கு ஒரு சிரிப்பு கிடைக்கும். இரண்டாவதை யாரும் கவனிப்பதே இல்லை. தம்பியை ஏன் அடித்தாய் என்ற விசாரணையில் இலக்கணம் காணாமல் போய்விடும். ஆனால் மூன்றாவதில் பிழையே கிடையாது. இரண்டாவதிலோ, அடித்தவர் யார், அடிவாங்கியவர் யார் என்பதே குழம்பிக் கிடக்கிறது. இந்த முன்னுரிமையைத் தலைகீழாக மாற்றுவதுதான் இந்த இயலின் வேலை.

முதலில், அது பிழைதானா?

தமிழில் பேசுவது ஒரு வழக்கு, எழுதுவது இன்னொரு வழக்கு. 'வந்தாங்க' என்பது பேச்சில் முழுக்கச் சரி. தமிழ்ப் பேராசிரியரும் வீட்டில் அப்படித்தான் பேசுகிறார். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை 'அவை வந்தவை' என்றால் அதுவும் சரி. பேச்சிலும் 'வந்தார்கள்' என்றே சொல்லப் பழக்கினால், பாட்டியோடு போனில் பேசும்போது பிள்ளை வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் பேசும். பாட்டி சிரிப்பார். பிள்ளை அடுத்த முறை ஆங்கிலத்துக்குத் தாவிவிடும்.

இதை அரசு மட்டத்தில் யோசித்த நாடு சிங்கப்பூர். அங்கே தமிழ் பள்ளிகளில் இரண்டாம் மொழி. 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தையும் கற்பித்தலையும் மறுஆய்வு செய்த குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அவர்கள் மனத்தில் இருந்தது, படித்தவர்கள் வெவ்வேறு ஊர்க்காரர்களோடு கலந்து பேசும் பொதுப்பேச்சு. அந்தப் பரிந்துரைக்கு எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. பேச்சை வகுப்புக்குள் விட்டால் மொழி கெட்டுவிடும் என்ற பயம் நம்மிடம் ஆழமானது. ஆனால் வீட்டுக்கு வெளியே தமிழே கேட்காத பிள்ளையிடம் அந்தப் பயத்தைக் காட்டினால் எழுத்தும் வராது, பேச்சும் நிற்காது என்பது என் கருத்து.

ஆகவே பேச்சைத் திருத்துவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வாக்கியத்தை இந்தப் பிள்ளையின் பாட்டி இப்படிச் சொல்வாரா? சொல்வார் என்றால் விட்டுவிடுங்கள். 'நான் படம் பார்த்தேன்' என்பதில் 'ஐ' உருபு இல்லை. பாட்டியும் அப்படித்தான் சொல்வார், தமிழில் அது சரி. 'நான் தம்பி அடிச்சேன்' என்று எந்தப் பாட்டியும் சொல்ல மாட்டார். ஆளைக் குறிக்கும் செயப்படுபொருளுக்குத் தமிழில் 'ஐ' கட்டாயம், குறிப்பில்லாத பொருளுக்கு இல்லாமலும் வரும். இந்த வேறுபாட்டை நாம் யோசிக்காமலே கடைப்பிடிக்கிறோம். அதனால்தான் 'படம் பார்த்தேன்' என்பதையும் 'படத்தை' என்று திருத்திவிட்டு, தேவையான இடத்தில் கோட்டை விடுகிறோம்.

மதுரையிலிருந்து வந்த ஆசிரியர் யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் 'கதைக்கிறம்' என்பதைத் திருத்தக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். சில வகுப்புகளைப் பார்த்த பிறகு, சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. எழுதும்போது எல்லாருக்கும் பொது எழுத்து வழக்கு உண்டு. அதைப் 'பேச்சில் இப்படி, எழுத்தில் இப்படி' என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கற்றுக்கொடுங்கள். பிள்ளையின் வீட்டுப் பேச்சைத் தப்பு என்று அறிவித்துவிட்டு எழுத்தைத் தொடங்காதீர்கள்.

பிழைக்குள் இருக்கும் விதி

1967இல் பிட் கார்டர் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். மொழி கற்பவரின் பிழைகளைக் களை மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்த துறை அதற்குப் பிறகு மாறியது. கற்பவரின் பிழை, அவர் மனத்தில் இப்போது எந்த விதி ஓடுகிறது என்பதைக் காட்டும் சான்று என்றார் கார்டர். வாய் தவறுவது வேறு, விதியே வேறாக இருப்பது வேறு என்றும் பிரித்தார். இது உங்கள் வகுப்புக்கு உடனே உதவும். பிள்ளை தவறாகச் சொன்னதும் "என்ன சொன்னே?" என்று மட்டும் கேளுங்கள். தானே திருத்திக்கொண்டால் அது நாக்குப் பிசகு; மறந்துவிடலாம். அதே வாக்கியத்தை இன்னும் சத்தமாகத் திருப்பிச் சொன்னால், உள்ளே ஒரு விதி இருக்கிறது.

'நான் பசிக்கிறேன்' என்பதற்குள் இருக்கும் விதி ஆங்கிலத்துடையது. யாருக்குப் பசியோ அவரை எழுவாயாக நிறுத்து என்கிறது அது. தமிழில் பசி, தெரிதல், பிடித்தல், வேண்டுதல், வலி, காய்ச்சல் எல்லாம் 'எனக்கு' கேட்கும். இந்த ஒரு கூட்டத்தைச் சேர்த்துக் கற்றுக்கொடுத்தால் பத்துப் பிழைகள் ஒன்றாகக் குறையும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருத்திக்கொண்டிருந்தால் பள்ளி ஆண்டு போதாது.

எல்லாப் பிழைக்கும் ஆங்கிலத்தைக் குற்றம் சொல்லவும் முடியாது. 'நான் சாப்பிடினேன்' என்கிறது ஒரு பிள்ளை. இது எந்த ஆங்கிலத்திலிருந்து வந்தது? 'ஓடினேன்', 'பாடினேன்', 'வாங்கினேன்' என்று கேட்டுக் கேட்டு, இறந்தகாலத்துக்கு 'இனேன்' போட்டால் போதும் என்று பிள்ளை தானே கண்டுபிடித்திருக்கிறது. போன மாதம் வரை 'சாப்பிட்டேன்' என்று சரியாகச் சொன்ன பிள்ளை இப்போது இப்படிச் சொன்னால் பெற்றோர் பதறுவார்கள். பதற வேண்டாம். முன்பு சொன்னது மனப்பாடம், இப்போது சொல்வது விதி. கொஞ்ச நாளில் விதிக்குள் விலக்குகளும் வந்து சேரும், சொல் மறுபடி சரியாகும். தாய்மொழி கற்கும் சிறு குழந்தைகளிடமும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு.

தாய்மொழியும் இல்லாமல், கற்கும் மொழியும் இல்லாமல், நடுவில் தனக்கென்று விதிகள் கொண்ட இந்த மொழிக்கு 1972இல் லாரி செலின்கர் பெயர் வைத்தார். தமிழில் இடைமொழி என்கிறோம். இடைமொழி ஓரிடத்தில் உறைந்துபோகலாம் என்பதையும் அவரே எச்சரித்தார்.

இந்த வளர்ச்சிக்கு ஒரு வரிசை உண்டா? ஹைடி டுலே, மரீனா பர்ட் இருவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பானிய வீட்டுக் குழந்தைகளும் சீன வீட்டுக் குழந்தைகளும் ஆங்கிலத்தின் சிறு உருபுகளை ஏறக்குறைய ஒரே வரிசையில் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுமொழிகள் இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வரிசை மட்டும் ஒத்துப்போனது. பத்தாண்டு கழித்து மன்ஃப்ரெட் பீனமன் இன்னும் கூர்மையாகச் சோதித்தார். ஜெர்மன் கற்ற இத்தாலியக் குழந்தைகளுக்கு ஒரு வாக்கிய அமைப்பைக் கற்றுக்கொடுத்தார். அதற்கு முந்தைய படியில் நின்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். இரண்டு படி கீழே இருந்தவர்களிடம் பாடம் ஒட்டவே இல்லை.

ஆசிரியருக்கு இதில் ஆறுதலும் உண்டு, வேலையும் உண்டு. ஒரே பிழையை மாதக்கணக்கில் திருத்தியும் மாறவில்லை என்றால், பிள்ளை மக்கு என்றோ நீங்கள் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றோ பொருளில்லை. நேரம் வரவில்லை என்றும் இருக்கலாம். அந்த வடிவத்தைக் கதையிலும் விளையாட்டிலும் நிறையக் கேட்க வையுங்கள், திருத்தத்தைத் தள்ளிப்போடுங்கள். நேரம் வந்ததற்கு அடையாளம் எளிது: பிள்ளை சில இடத்தில் சரியாகவும் சில இடத்தில் தவறாகவும் சொல்லத் தொடங்கும். 'அம்மாவைக் கூப்பிட்டேன்' என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் 'தம்பி கூப்பிட்டேன்' என்கிறதா? அப்போது பிடியுங்கள்.

வாயால் திருத்துவது

திருத்தவே வேண்டாம், நிறையக் கேட்டால் தானாக வந்துவிடும் என்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கனடாவின் அனுபவத்தைக் காட்டலாம். 1965இல் மாண்ட்ரியலை ஒட்டிய செயின்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்கு எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சிலேயே நடத்தும் வகுப்பு தொடங்கியது. பிறகு அது நாடெங்கும் பரவியது. அந்தக் குழந்தைகளுக்குக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் அருமையாக வந்தது. பேச்சிலும் எழுத்திலும் மட்டும், பல ஆண்டுகள் கேட்ட பிறகும், வினைமுற்றிலும் பால்பாகுபாட்டிலும் பிழைகள் தங்கின. கேட்பது போதாது, தானே சொல்லிப் பார்க்கும்படி தள்ள வேண்டும் என்று மெரில் ஸ்வெய்ன் 1985இல் வாதிட்டது இதைப் பார்த்துத்தான்.

அந்த வகுப்புகளில் ஆசிரியர்கள் எப்படித் திருத்தினார்கள் என்று ராய் லிஸ்டரும் லெய்லா ராண்டாவும் சுமார் 18 மணி நேரப் பாடங்களைப் பதிவுசெய்து வரி வரியாக ஆராய்ந்தார்கள். 1997இல் வந்த அந்தக் கட்டுரை, தமிழ் வகுப்பு எடுக்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆறு வகைத் திருத்தங்களை அவர்கள் கண்டார்கள். நம்முடைய 'நான் தம்பி அடிச்சேன்' என்ற வாக்கியத்தை வைத்தே பார்க்கலாம்.

முதல் வகையில் ஆசிரியர் சரியான வடிவத்தைத் தன் பேச்சில் நுழைத்துத் திருப்பிச் சொல்கிறார்: "ஓ, தம்பியை அடிச்சியா?" இரண்டாவது நேரடித் திருத்தம்: "தம்பி இல்லை, தம்பியைன்னு சொல்லணும்." மூன்றாவது புரியாத மாதிரி கேட்பது: "யாரு யாரை அடிச்சது? எனக்குப் புரியலையே." நான்காவதில் தவறையே கேள்வித் தொனியில் திருப்பித் தருகிறார்: "தம்பி அடிச்சேன்?" ஐந்தாவதில் இலக்கணக் குறிப்பு கொடுக்கிறார்: "யாரை அடிச்சேன்னு சொல்லும்போது கடைசியில ஒண்ணு ஒட்டுவோமே, அது எங்கே?" ஆறாவதில் வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு நிறுத்தி, பிள்ளையின் வாயிலிருந்து வரவழைக்கிறார்: "நான் தம்பி...?"

அந்த வகுப்புகளில் நடந்த திருத்தங்களில் 55 சதவீதம் முதல் வகை. நம் வகுப்புகளிலும் அதுதான் அதிகம். அது மென்மையானது, பேச்சின் ஓட்டத்தைத் தடுக்காது, பிள்ளையின் மனம் நோகாது. விளைவுதான் மோசம். அப்படித் திருப்பிச் சொன்ன நூறு முறையில் 18 முறைதான் பிள்ளை தன் வாயால் சரியான வடிவத்தைச் சொன்னது. 69 முறை திருத்தத்துக்கு எந்த எதிர்வினையும் இல்லை. பேச்சு அப்படியே அடுத்த விஷயத்துக்கு நகர்ந்துவிட்டது. வாக்கியத்தை நிறுத்தி வரவழைத்தபோது ஒவ்வொரு முறையும் பிள்ளை ஏதாவது முயன்றது. பாதிக்குச் சற்றுக் குறைவான முறை சரியாகவே சொன்னது.

ஏன் இப்படி? "ஓ, தம்பியை அடிச்சியா?" என்று கேட்டால் பிள்ளை என்ன சொல்லும்? "ஆமா" என்று தலையாட்டும். அதன் காதில் விழுந்தது விசாரணை, திருத்தம் இல்லை. அலிசன் மேக்கியும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் இதைச் சோதித்தார்கள். கற்பவர்களிடம் அவர்கள் பேசிய ஒளிப்பதிவையே போட்டுக் காட்டி, அந்த இடத்தில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டார்கள். சொல்லையோ உச்சரிப்பையோ திருத்தியதைப் பெரும்பாலும் உணர்ந்திருந்தார்கள். சிறு உருபுகளைத் திருத்தியதை அரிதாகவே உணர்ந்தார்கள். தமிழில் பொருளின் பாதிச் சுமை உருபில் இருக்கிறது. மென்மையாகத் திருப்பிச் சொல்லும் முறை சரியாக எங்கே வழுக்குமோ, அங்கேதான் நம் பிள்ளைகளின் பிழைகளும் குவிந்திருக்கின்றன.

2004இல் லிஸ்டர் இன்னொரு சோதனை செய்தார். மாண்ட்ரியல் பகுதியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பெயர்ச்சொற்களின் பாலைச் சொல்லின் ஈற்றைப் பார்த்து ஊகிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குத் தவறும்போது சரியான வடிவத்தைத் திருப்பிச் சொன்னார்கள். இன்னொரு குழுவைத் தூண்டித் தாமே சொல்ல வைத்தார்கள். குறிப்பாக எழுத்துத் தேர்வுகளில், தூண்டப்பட்டவர்களே முந்தினார்கள். உயர்திணை, அஃறிணை, ஆண்பால், பெண்பால் என்று வினைமுற்றின் ஈற்றைச் சரிபார்க்க வேண்டிய தமிழுக்கு இது நெருங்கிய செய்தி. 'பூனை பால் குடிச்சான்' என்று பிள்ளை சொல்லும்போது, "பூனையா? குடிச்சா... குடிச்சு...?" என்று இழுத்து நிறுத்துங்கள். 'குடிச்சுது' என்பது அதன் வாயிலிருந்து வரட்டும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே இருப்பதைத்தான் வரவழைக்க முடியும். பிள்ளை ஒருமுறைகூடக் கேட்டிராத வடிவத்துக்காக "நான் தம்பி...?" என்று காத்திருந்தால் அது சித்திரவதை. புது வடிவமா, நேரடியாகச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். கற்றுத்தந்து பயிற்சியும் ஆன வடிவமா, தூண்டுங்கள். முதல் வகைத் திருத்தத்தைக் கூச்சமுள்ள பிள்ளைக்கும், இன்னும் மிகச் சில சொற்களே பேசும் பிள்ளைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடமும் உருபைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லி, ஒரு நொடி நிறுத்துங்கள். "தம்பியை... அடிச்சியா?"

காத்திருப்பது என்பதே தனித் திறமை. அமெரிக்காவின் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று 1970களில் காட்டினார். மூன்று நொடிக்கு மேல் பொறுத்தபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசின. தமிழ் வகுப்பில் இதைக் கெடுப்பது பக்கத்து நாற்காலி. ஒரு பிள்ளை யோசிப்பதற்குள் நன்றாகப் பேசும் இன்னொன்று "தம்பியை!" என்று கத்திவிடும். "இது அவளோட முறை, கண்ணா" என்று ஒரே தொனியில் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். சில வாரத்தில் பழகிவிடும்.

எப்போது

பிள்ளை தன் பிறந்தநாள் விழாவை ஆசையோடு சொல்லிக்கொண்டிருக்கும்போது உருபுக்காக நிறுத்தாதீர்கள். விஷயம் ஓடும் நேரத்தில் விஷயத்தைக் கேளுங்கள்.

இதில் நமக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில் ஆங்கிலத்தை வேறுவிதமாகக் கற்பித்துப் பார்த்தார். இலக்கணப் பாடம் கிடையாது. ரயில் கால அட்டவணை, வரைபடம், பள்ளி நேர அட்டவணை போன்றவற்றை வைத்துப் புதிர் மாதிரி வேலைகள் கொடுத்தார்கள். தீர்ப்பதற்கு ஆங்கிலம் தேவைப்பட்டது. உலகமெங்கும் இன்று பணிவழிக் கற்பித்தல் என்று பேசப்படுவதற்கு அது ஆரம்பகால முயற்சிகளுள் ஒன்று. திட்டத்தைப் பற்றிய அவர் நூல் 1987இல் வந்தது. அங்கே திருத்தம் இருந்தது. ஆனால் நடக்கும் வேலையை முடிக்கத் தேவையான அளவுக்கு, போகிற போக்கில் சொல்வதோடு சரி. ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு அதற்கு விதி, எடுத்துக்காட்டு, பயிற்சி என்று வகுப்பைத் திருப்புவதைப் பிரபு தவிர்த்தார்.

நான் பிரபுவோடு பாதி வழிதான் போவேன். வாரத்துக்கு ஐந்து நாள் வகுப்பு நடக்கும் பள்ளிக்கு அவர் முறை பொருந்தும். வாரத்தில் இரண்டு மணி நேரம் மட்டும் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைக்குத் தானாக விதி படியும் அளவுக்குத் தமிழ் கிடைப்பதில்லை. ஆகவே நேரத்தைப் பிரியுங்கள். கதை சொல்லும்போதும் விளையாடும்போதும் கையில் ஒரு துண்டுத்தாள் வைத்துக்கொண்டு, காதில் விழும் பிழைகளைக் குறித்துக்கொள்ளுங்கள், வாயைத் திறக்காதீர்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் அவற்றில் இரண்டு மூன்றைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி, "இதுல எது சரி, எது இன்னும் நல்லா வரும்?" என்று வகுப்பைக் கேளுங்கள். தன் வாக்கியம் பலகையில் இருப்பதைப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். வெட்கம் வராது, ஆர்வம்தான் வரும்.

நோட்டில் சிவப்பு மை

எழுத்தில் பிழை திருத்துவது பயனே இல்லாத வேலை, நிறுத்திவிட வேண்டும் என்று ஜான் ட்ரஸ்காட் 1996இல் ஒரு கட்டுரை எழுதிப் பெரிய சண்டையைக் கிளப்பினார். டேனா ஃபெரிஸ் எதிர்த்து எழுதினார். அந்த வாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஆசிரியருக்கு உதவும் விடை, சண்டையிலிருந்து பிறந்த ஆய்வுகளில் இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஜான் பிட்செனரும் உட்டே நோக்கும் ஆங்கிலம் கற்கும் மாணவர்களின் எழுத்தில், பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் a, the ஆகியவற்றின் இரண்டே இரண்டு பயன்பாடுகளை மட்டும் திருத்தினார்கள். மற்றப் பிழைகளை விட்டுவிட்டார்கள். திருத்தம் பெற்றவர்கள் 10 மாதம் கழித்தும் மற்றவர்களைவிடத் துல்லியமாக எழுதினார்கள். பக்கம் முழுவதையும் சிவப்பாக்கினால் எதுவும் மனத்தில் நிற்பதில்லை, ஒன்றைப் பிடித்தால் நிற்கிறது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

ஒரு மாதத்துக்கு ஒரு குறி வையுங்கள். இந்த மாதம் 'ஐ' உருபு என்றால், அது விடுபட்ட இடத்தில் அடிக்கோடு மட்டும் போடுங்கள், எழுதித் தராதீர்கள். பிள்ளை தானே நிரப்பி, அந்தப் பத்தியை மறுபடி எழுத வேண்டும். திருப்பி எழுதாத திருத்தம் ஆசிரியரின் கைவலியோடு முடிந்துவிடும். பெற்றோர் நோட்டைப் பார்த்து "டீச்சர் இத்தனை தப்பை விட்டுட்டாங்களே" என்று கேட்பார்கள். பக்கத்தின் மேலே ஒரு வரி எழுதிவிடுங்கள்: 'இந்த மாதம் "ஐ" உருபை மட்டும் பார்த்திருக்கிறேன்.' கேள்வி நின்றுவிடும்.

எழுத்துப்பிழையில் முதலில் குறில் நெடிலைப் பிடியுங்கள். 'படம்' 'பாடம்', 'கல்' 'கால்' என்று சொல்லே மாறிவிடுகிறது. அடுத்து ஒற்றை இரட்டை: 'படு', 'பட்டு'. ரகர றகரமும் மூன்று நகரங்களும் மெல்ல வரட்டும். வல்லினம் மிகும் இடத்தை இந்தப் பிள்ளைகளிடம் தொடவே தொடாதீர்கள். தமிழிலேயே படித்து வளர்ந்து பத்திரிகையில் எழுதுபவர்களே அதில் தடுமாறுகிறார்கள்.

உச்சரிப்புக்கும் இதே கணக்கு. ழகரத்துக்காக ஒரு முழு வகுப்பைச் செலவிடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அது நம் பெருமை, பிள்ளையின் தேவை இல்லை. தமிழ் பேசும் ஊர்களிலேயே பாதிப் பேர் 'வாளைப்பளம்' சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நெடில் குறுகினாலோ, இரட்டை எழுத்து ஒற்றையானாலோ கேட்பவருக்குச் சொல்லே புரியாமல் போகும். அங்கே நேரம் செலவிடுங்கள்.

வீட்டாரிடம் என்ன சொல்வது

பிள்ளையின் தமிழைக் கெடுப்பது பெரும்பாலும் கண்டிப்பு இல்லை, செல்லம். 'நான் பசிக்கிறேன்' என்று மூன்று வயதில் சொன்னதை வீடே ரசிக்கும். ஊரிலிருந்து சித்தி கூப்பிட்டால், "அதைச் சொல்லு, சித்திகிட்ட ஒருதரம் சொல்லு" என்று போனைக் கொடுப்பார்கள். ஏழு வயதில் அதே பிள்ளை அந்தச் சிரிப்பின் பொருளைப் புரிந்துகொள்ளும். அதற்குப் பிறகு தமிழில் பேச மறுப்பது பிடிவாதம் இல்லை, தற்காப்பு. பெற்றோர் கூட்டத்தில் இதை ஒளிக்காமல் சொல்லுங்கள்: பிள்ளையின் பிழையைப் பிறரிடம் வேடிக்கையாகச் சொல்லாதீர்கள், நடித்துக் காட்டாதீர்கள்.

அதே சமயம், திருத்தினால் பிள்ளை நொந்துபோகும் என்று பயந்து மௌனமாக இருக்கவும் வேண்டாம். ரெனாட்டே ஷுல்ஸ் அமெரிக்காவிலும் கொலம்பியாவிலும் கேட்டுப் பார்த்ததில், ஆசிரியர்கள் நினைப்பதைவிட மாணவர்கள் திருத்தத்தை அதிகம் விரும்பினார்கள். பால் சீட்ஹவுஸ் 1997இல் இன்னொன்றைக் கவனித்தார். ஆசிரியர்கள் 'இல்லை, அது தப்பு' என்று நேராகச் சொல்வதைத் தவிர்க்கச் சுற்றி வளைக்கிறார்கள். அந்தச் சுற்றலே, பிழை என்பது வாயால் சொல்லக்கூடாத அவமானம் என்ற செய்தியைப் பிள்ளைக்குத் தந்துவிடுகிறது. "இல்லம்மா, தம்பியை" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு, "சரி, ஏன் அடிச்சே?" என்று கதையைத் தொடருங்கள். மனம் நோவது சொல்லால் இல்லை, முகத்தால்.

வீட்டுக்கு ஒரு வேலைதான் கொடுங்கள்: வகுப்பில் இந்த மாதம் பிடித்திருக்கும் ஒரே பிழையை வீட்டிலும் கவனிக்கச் சொல்லுங்கள். மற்றவற்றை அவர்கள் திருத்த வேண்டியதில்லை. பிள்ளை சொன்ன விஷயத்துக்குப் பதில் சொன்னால் போதும்.

அடுத்த இயலுக்குப் போகும் முன் ஒரு பயிற்சி. வரும் சனிக்கிழமை உங்கள் வகுப்பில் இருபது நிமிடத்தைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். இரவு அதைக் கேட்டு, நீங்கள் திருத்திய ஒவ்வோர் இடத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். எது உண்மையான பிழை, எது பாட்டியும் சொல்லும் தமிழ் என்று பக்கத்தில் குறியுங்கள். கடைசியாக, திருத்திய பிறகு பிள்ளை வாய் திறந்து சரியான வடிவத்தைச் சொன்னதா, தலையை மட்டும் ஆட்டியதா என்று பாருங்கள். தலையாட்டல்கள் அதிகம் என்றால், அடுத்த வாரம் பாதித் திருத்தங்களை விட்டுவிடுங்கள். மீதிப் பாதியில் மூன்று நொடி காத்திருங்கள்.